ஏத்தத்துல மண்ணு போட்டவர்

வேலை வெட்டி இல்லாதவர்கள்தான் ரயிலை வேடிக்கை பார்க்கப் போவார்கள் என்பது ஜெராக்ஸ்காரியின் கட்சி. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. தெருமுனையில் பத்துக்கு எட்டு அடியில் ஒரு கடை. நகல் எடுக்கிற இயந்திரம் ஒன்று, லேமினேஷன் பெட்டி ஒன்று, எந்த ஆபீஸுக்கு எந்தப் படிவம் என்று கண்ணை மூடிக்கொண்டு உருவிக் கொடுக்கும்படி சுவரோரம் அடுக்கிய தட்டுகள். மனு எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் கோடையில் ஒரு வியாழக்கிழமை, விடிந்தும் விடியாமலும், நாத்தனாரின் கேமராவுக்குக் குடை பிடிக்கக் கிளம்பினாள் என்றால் சும்மாவா கிளம்பியிருப்பாள்? கைப்பைக்குள், பிளாஸ்டிக் உறையில், மடிப்பு விழாமல் ஒரு மனு இருந்தது.

அவள் வீட்டுக்காரர் சரக்கு ரயில் டிரைவர். பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறார். அந்த எஞ்சினை விட்டு இறங்கி, கன்ட்ரோல் ஆபீஸில் நாற்காலி வேலைக்கு மாற்றிக் கேட்கிற மனு அது. எழுதியது முழுக்க அவள். கையெழுத்து மட்டும் அவருடையது. ஒருமுறை நாற்காலிக்குப் போனவர் மறுபடி எஞ்சின் ஏற முடியாது, அங்கே அதுதான் விதி. முந்தாநாள் சாயங்காலம் "எனக்குப் பயமா இருக்குங்க" என்று அவள் அழுத அழுகையைப் பார்த்து, மனுஷன் அவள் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். நேற்றுக் காலையில் வண்டி எடுத்துப் போனவர், இன்றைக்குச் சாயங்காலம்தான் திரும்புவார்.

அவள் அழுததற்குக் காரணம் வேறு. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லக்கூடிய காரணமா அது?

கல்யாணமான முதல் மாதம். வேலை முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவரிடம், "இன்னைக்கு வேலை எப்படிப் போச்சு?" என்று புதுப்பெண் ஆசையாய்க் கேட்டாள். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "என்னத்தச் சொல்ல, ஏத்தத்துல மண்ணு போட்டுட்டேன்" என்றார்.

நீங்களே சொல்லுங்கள். பிழைப்பில் மண் விழுந்தது என்கிறோம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்கிறோம். தோற்றவனை மண்ணைக் கவ்வினான் என்கிறோம். புருஷன் வந்து மண்ணு போட்டுட்டேன் என்றால் பெண்டாட்டி என்னவென்று எடுத்துக்கொள்வாள்? பாவம், எதையோ சொதப்பிவிட்டு வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவானேன் என்று மேற்கொண்டு கேட்கவில்லை. இன்னொரு கரண்டி கூடுதலாய்ப் பரிமாறினாள்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பேச்சு வரும். "இன்னைக்கும் மண்ணுதான்." மழைக்காலம் என்றால், "ரெண்டு தடவை மண்ணு போட வேண்டியதாப் போச்சு." வாராவாரம் சொதப்புகிற ஆளை எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள்? ஒருநாள் பெரிதாய் ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் நாலு பேர் முன்னால் மூச்சு விட மாட்டாள். அவள் அண்ணன் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, "மாப்பிள்ளை வேலையில எப்படி?" என்று கேட்டான். "அவரை மாதிரி ஆள் அங்க யாருமே இல்லயாம்" என்று சாதித்துவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூடவா விளக்கம் கேட்கவில்லை என்பீர்கள். நீங்கள் உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுத் தெளிந்துவிட்டீர்களாக்கும்!

போன மாதம்தான் அவளால் தாங்க முடியாமல் போனது. சட்டையைக் கழற்றிக்கொண்டே, "மூணு தடவை மண்ணு போட்டேன். கடைசியில பார்த்தா போட மண்ணே மிச்சமில்ல" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வேறு! இனி இவரை எஞ்சினில் விட்டுவைத்தால் ஆபத்து என்று அன்றைக்கே அவள் முடிவுகட்டிவிட்டாள். படிவம் அவள் கடைத் தட்டிலேயே இருந்தது.

நாத்தனார் கூப்பிட்டது இந்தச் சமயத்தில்தான். அவள் டிரைவரின் ஒரே தங்கை. மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள். மற்ற பெண்கள் புடவையைப் பார்த்தால் நிற்பார்கள், இவள் தண்டவாளத்தைப் பார்த்தால் நிற்பாள். வருஷா வருஷம் கோடையில் ஒரு நாள் லீவு போட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு ரயில் படம் பிடிக்கப் போவது அவளுக்கு நேர்த்திக்கடன் மாதிரி. குடை பிடிக்கப் புருஷன் கூடப் போவான். இந்த வருஷம் அவனுக்கு முட்டிவலி.

"அண்ணி, வியாழக்கிழமை உங்க தெருவுல நாள் பூரா கரண்ட் கட். கடையில உக்காந்து ஈ ஓட்டுறதுக்கு என் கூட வாங்களேன்" என்றாள்.

வழியில் இருக்கிற பெரிய ஸ்டேஷனில்தான் டிரைவர்களின் டிப்போ ஆபீஸ். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஜெராக்ஸ்காரி சரி என்றுவிட்டாள்.

ஸ்டேஷனில் நாத்தனார், பெட்டிகளை இழுத்து மாற்றிக்கொண்டிருந்த ஒரு சின்ன எஞ்சினைப் பார்த்ததும் சொர்க்கத்தைக் கண்டவளாய் ஓடினாள். அந்த இடைவெளியில் இவள் முதலாம் பிளாட்பாரத்துக் கடைசியில் இருந்த டிப்போ ஜன்னலுக்குப் போய் மனுவை நீட்டினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த குமாஸ்தா வரி விடாமல் படித்தார். "யாரும்மா எழுதினது? ஒரு இடத்துல அடித்தல் திருத்தல் இல்ல" என்று பாராட்டிவிட்டு, பெறப்பட்டது என்ற முத்திரையை ஓங்கிக் குத்தினார். "சாயங்காலம் நாலரைக்குத் தபால் பை கட்டுவோம். அதுல போயிடும். பெரிய ஆபீஸ் போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது."

அவளுக்கு மார்பிலிருந்து பாறாங்கல் இறங்கினது போல இருந்தது. நாத்தனாரிடம் மூச்சுக் காட்டவில்லை. காட்டினால் பிளாட்பாரத்திலேயே குடுமிப்பிடி சண்டை நடக்கும்.

ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குப் பிறகு இறங்கிய இடம் ஒரு குட்டி ஸ்டேஷன். ஒரே பிளாட்பாரம், ஒரு சிமென்ட் பெஞ்சு, சொட்டுகிற குழாய் ஒன்று, நிழலுக்கு ஒரு மரம். பிளாட்பாரத்தின் ஒரு முனையில் நின்று பார்த்தால் தண்டவாளம் கீழே பள்ளத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறி வருவது தெரிந்தது. நாத்தனார் அந்த முனையில், மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால், முக்காலியை நிறுத்தினாள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டாள்.

"இப்ப என்ன செய்யணும்?" என்றாள் ஜெராக்ஸ்காரி.

"காத்துக்கிட்டு இருக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறமும் காத்துக்கிட்டு இருக்கணும். நீங்க குடையை நேராப் பிடிங்க அண்ணி, கேமரா கருகுது."

நான் கருகினால் பரவாயில்லையாக்கும் என்று மனதுக்குள் முனகிக்கொண்டு பிடித்தாள். முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. தண்டவாளம் பழுது பார்க்கிற நாலு பேர் சுத்தியலோடு நடந்து போனார்கள். ஒவ்வொரு மரையாகத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாத இடத்தில் மட்டும் குனிந்து முறுக்கினார்கள். அந்தச் சத்தத்தில் என்ன வித்தியாசம் என்று அவளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பதினோராவது மரையில் அவளுக்கே தெரிந்தது. அவர்கள் குனிவதற்கு முன்னாலேயே, "அதோ, அது லூசு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நாத்தனார் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

அப்புறம் எக்ஸ்பிரஸ் வந்தது, மேலிருந்து இறக்கத்தில். முதலில் தண்டவாளம் மெல்லிசாய்ப் பாடியது. "கேட்குதா?" என்று நாத்தனார் கிசுகிசுத்து முடிப்பதற்குள் வளைவைச் சுற்றி ஒரு பெரிய மஞ்சள் முகம் வந்து, அது வருகிறது என்று மனசு சொல்வதற்குள் கடந்து போனது. பதினெட்டுப் பெட்டி. காற்று அவள் முந்தானையைப் பிடுங்கியது, குடையைத் திருப்பிப் போட்டது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள், ஒரு குழந்தையின் கை, கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு கார்டு. அப்புறம் அமைதி. மரத்திலிருந்து பிடுங்கப்பட்ட இலைகள் மெதுவாகக் கீழே இறங்கின. இத்தனை பெரிய சாமான் இத்தனை வேகத்தில், இரண்டு விரல் கனத்துக் கம்பியை விட்டு இம்மி பிசகாமல் போகிறதே என்று அவள் அசந்து நின்றாள்.

நாத்தனார் ஒரே ஒரு படம் எடுத்திருந்தாள். எஞ்சினின் மூக்கு தூரத்துக் கம்பத்தைத் தொடுகிற இடத்தில் ஒன்று, அவ்வளவுதான். "பட்டாசு மாதிரி படபடன்னு அழுத்துறவங்க எல்லாம் கத்துக்குட்டி" என்றாள். பிறகு திரும்பி அண்ணியைப் பார்த்தாள். "வாயை மூடுங்க அண்ணி. ஈ போயிடும்."

"நான் ஒண்ணும் பார்க்கல. கொட்டாவி விட்டேன்" என்றாள் இவள். ஆனால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று கேட்டதும் இவள்தான்.

மத்தியானத்துக்குள் ஒரு பாசஞ்சரும், பெட்டி இல்லாத ஒற்றை எஞ்சின் ஒன்றும், எண்ணெய் டேங்கர் வண்டி ஒன்றும் போயின. பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். ஜெராக்ஸ்காரி நோட்டில் எஞ்சின் நம்பர் எழுதும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். நாத்தனாரின் கோழிக்கிறுக்கல் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மணி வாக்கில் வானம் கறுத்து, இதோ அதோ என்று போக்குக் காட்டிவிட்டு, லேசாய்த் தூற ஆரம்பித்தது.

"அய்யோ, தூறலா!" நாத்தனார் முகம் மாறியது. "கொட்டித் தீர்த்தாக்கூடப் பரவாயில்ல அண்ணி, கம்பியைக் கழுவி விட்டுடும். இந்தத் தூறல்தான் எமன். தூசியும் எண்ணெயும் சேர்ந்து வெண்ணெய் தடவின மாதிரி ஆயிடும். சக்கரம் நிக்காது." பள்ளத்தைப் பார்த்தாள். "பாவம், அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தனை அண்ணன்? உங்களுக்குச் சொல்லாம வெச்சிருந்தேன். ஒண்ணேகாலுக்கு வர்ற சிமென்ட் வண்டி நம்ம அண்ணன்துதான். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, அவர் ஓட்டி ஒருநாள் பார்த்திருக்கீங்களா? அதுக்குத்தான் உங்களைத் தள்ளிக்கிட்டு வந்தேன்."

ஜெராக்ஸ்காரி குடைக்காம்பை மாற்றிப் பிடித்தாள். வெறும் நாளிலேயே மண்ணைப் போடுகிற மனுஷன், வெண்ணெய் தடவின கம்பியில் என்ன செய்யப் போகிறார்? தங்கை கண்முன்னாலேயே மானம் போகப் போகிறதே. இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றிய குட்டு இந்தப் பிளாட்பாரத்தில் உடையப் போகிறதே. "எனக்குத் தலை வலிக்குது. நான் பெஞ்சுல உக்கார்றேன்" என்றாள்.

"குடை?"

வேறு வழியில்லாமல் நின்றாள்.

முதலில் சத்தம் மட்டும் வந்தது. அடித்தொண்டையில் உறுமுகிற சத்தம், பாதத்துக்குக் கீழே பிளாட்பாரம் அதிர்ந்தது. கடைசி வளைவில் எஞ்சின் தலைகாட்டியது. நடந்து போகிற ஆள் முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக. பின்னால் நாற்பத்திரண்டு பெட்டி சிமென்ட், வால் எங்கே என்று தெரியவில்லை. ஏற்றம் செங்குத்தாய் நிமிர்கிற இடத்துக்கு, அவர்களுக்கு நூறடி கீழே, வந்து சேர்ந்தபோது அந்த உறுமல் சட்டென்று அறுந்தது. வீல் என்று ஒரு அலறல் எழுந்தது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. வண்டி நகரவில்லை.

போச்சு, என்று அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கடவுளே, வண்டி பின்னால் உருளக் கூடாது, வேறு ஒன்றும் வேண்டாம்.

"கண்ணைத் திறங்க அண்ணி! அண்ணன் மண்ணு போடறார், பாருங்க!"

"தெரியும்டி! எனக்குத் தெரியாதா!" என்று அவள் கண்ணைத் திறக்காமலே அழுதாள்.

"என்ன தெரியும்? சக்கரத்தைப் பாருங்க, சக்கரத்தை!"

பார்த்தாள். எஞ்சின் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை சாய்ந்து, அவள் வீட்டுக்காரர் கீழே சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை முகத்தில் அடித்தது, துடைக்கவில்லை. ஒரு கை உள்ளே எதையோ பிடித்திருந்தது. அலறல் படிப்படியாக இறங்கியது. பதறவில்லை மனுஷன். வேகத்தைக் கூட்டவில்லை, குறைத்தார். சக்கரத்துக்கு முன்னால், விரல் கனத்தில் ஒரு குழாய் தண்டவாளத்தை முத்தமிடுகிற மாதிரி இறங்கியிருந்தது. அதிலிருந்து புஸ்ஸென்று காய்ந்த மணல் பீய்ச்சிக்கொண்டு கம்பியின் மேல் விழுந்தது. ஒரே சீராக, கோலப்பொடி மாதிரி விழுந்தது. அந்த மணலின் மேல் சக்கரம் ஏறியது, நறநறவென்று கடித்தது, பிடித்துக்கொண்டது.

"வழுக்கினா மண்ணு போட்டுத்தான் ஏத்தணும்" என்று நாத்தனார் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "எல்லாரும் போடுவாங்க. எப்பப் போடறது, எவ்வளவு போடறது, அதுலதான் இருக்கு வித்தை. பதறிப் போய் வேகத்தைக் கூட்டினா சக்கரம் அங்கயே சுத்திக் கம்பியைத் தின்னுடும். அப்படியே நின்னுட்டா இன்னொரு எஞ்சின் வந்து தள்ளணும், லைன் பூரா அடைச்சுக்கும். பாருங்க... பாருங்க... எடுத்துட்டார்!"

வண்டி அசைந்தது. ஒரு பெட்டி இழுபட்டது, அடுத்தது இழுபட்டது, கொக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாய் டங் டங் என்று இறுகுகிற சத்தம் பள்ளத்தின் அடி வரை ஓடியது. உறுமல் மறுபடி அடித்தொண்டைக்கு இறங்கியது. மூக்கின் மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிற மனுஷன், ஆயிரக்கணக்கான மூட்டைச் சிமென்டை, வழுக்குகிற கம்பியில், சுண்டு விரல் கனத்து மணலை நம்பி மலையேற்றிக்கொண்டு வந்தார். பத்தடி தூரத்தில் அவளைக் கடந்து போனார். கீழ் உதட்டைக் கடித்திருந்தார். கண் கம்பியை விட்டு நகரவில்லை. பெண்டாட்டியும் தங்கையும் நிற்பது அவருக்குத் தெரியவே இல்லை. அந்த முகத்தை அவள் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர், என்று நாற்பத்திரண்டு பெட்டிக்கும் கேட்கும்படி கத்த வேண்டும் போல இருந்தது.

கடைசிப் பெட்டியும் போனபின் தண்டவாளத்தைப் பார்த்தாள். மணல் மாவாய் அரைபட்டு, கம்பி நெடுக வெள்ளைக் கோடு ஓடியிருந்தது.

"மண்ணு போடறதுன்னா... இதுதானா?" என்றாள்.

"வேற என்ன?"

அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முதல் மாதத்துக் கரண்டியிலிருந்து, தன் அண்ணனிடம் சாதித்தது வரைக்கும். "மணல்னு ஒழுங்காச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! மண்ணாம் மண்ணு!" நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முக்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காலையில் கொடுத்த மனுவைப் பற்றி இவள் சொன்னதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணி, மழை நாள்ல கன்ட்ரோல்ல இருந்து அண்ணனைத்தான் கேட்டு வாங்கிக்குறாங்க. அவர் கையில இந்த ஏத்தத்துல ஒரு வண்டி நின்னதில்ல. அவரைப் போய் நாற்காலியில உக்கார வைக்கப் போறீங்களா?"

"எனக்கு யாரு சொன்னா?"

"அவரா சொல்வார்? தம்பட்டம் அடிக்கத் தெரிஞ்ச ஆளா அவர்?" நாத்தனார் ஏற்கெனவே முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள். "எழுந்திருங்க. நாலரைக்குள்ள போயாகணும்."

போனில் பிடிக்கலாம் என்றால், டூட்டியில் டிரைவர் போனை அணைத்து வைக்க வேண்டும். திரும்புகிற பாசஞ்சர் இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. அந்த இருபது நிமிஷமும் ஜெராக்ஸ்காரி பிளாட்பாரத்தை அளந்தாள். வழியில் ஒரு ஸ்டேஷனில் பாசஞ்சருக்கு வழிவிட்டு அந்தச் சிமென்ட் வண்டி பக்கத்து லைனில் நின்றது. எஞ்சினுக்குப் பக்கத்தில் அவர் நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து, "ஏங்க! ஏங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பிளாட்பாரத்தில் நாலு புருஷன்மார் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. பாசஞ்சர் நகர்ந்துவிட்டது.

டிப்போ ஜன்னலை அடையும்போது மணி நாலேகால். குமாஸ்தா மேஜை மேல் கித்தான் பை, வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

"சார், காலையில குடுத்த மனு. அதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"அதெப்படிம்மா? முத்திரை குத்தியாச்சு. விண்ணப்பதாரர் நேர்ல வந்து, வாபஸ் வாங்குறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

எத்தனை பேருக்கு இதே விதியை அவளே கறாராய்ச் சொல்லியிருப்பாள்! கைப்பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, ஜன்னல் திண்டிலேயே வைத்து வாபஸ் கடிதத்தை எழுதி முடித்தாள். கையெழுத்து இடம் மட்டும் காலி. டூட்டி முடித்து அவர் இந்த ஜன்னலுக்குத்தான் வந்தாக வேண்டும். குமாஸ்தா பையின் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"சார்," என்று நாத்தனார் குழைந்தாள், "ரயில்வேயில வேலை பார்க்கிறவங்களைப் படம் எடுத்துச் சேர்க்கிறேன். சீட்டுல உக்காந்த மாதிரி உங்களையும் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

குமாஸ்தா கயிற்றை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தார். ஒரு படத்துக்கு மேல் எடுக்காத நாத்தனார் அன்றைக்கு அவரைப் பதினேழு படம் எடுத்தாள். இடது பக்கம், வலது பக்கம், கண்ணாடியோடு, கண்ணாடி இல்லாமல். நாலு முப்பத்தைந்துக்கு அவருக்கே சந்தேகம் தட்டிக் கயிற்றைத் தேடியபோது, நனைந்த சட்டையும் கையில் பெட்டியுமாக டூட்டி முடித்துக் கையெழுத்துப் போட டிரைவர் வந்து நின்றார்.

தங்கையைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"குடுத்துட்டியா?" என்றார்.

"குடுத்துட்டேன். இப்பத் திரும்ப வாங்கணும். இதுல கையெழுத்துப் போடுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஏத்தத்துல நின்னு பார்த்தேன். நீங்க மண்ணு போட்டதை." அதற்கு மேல் மறைக்க அவளால் முடியவில்லை. மண்ணு என்றால் தான் என்ன நினைத்திருந்தாள் என்பதை, குமாஸ்தா முன்னாலேயே, தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தாள்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தனை வருஷமா, நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு நினைச்சுக்கிட்டா எனக்குச் சாப்பாடு போட்டே?"

"ஆமா."

"ஒருநாள் முகத்துல காட்டலயே நீ."

"ஒண்ணுக்கும் ஆகாதவர்னா விட்டுட்டாப் போவாங்க? எங்க வீட்டுக்காரர்தானே."

நாத்தனார் கேமராவைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். குமாஸ்தா தொண்டையைச் செருமி, ஒரு பேனாவை ஜன்னல் வழியாக நீட்டினார். டிரைவர் அதை வாங்கினார். தாளில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"பயமா இருக்குன்னு அன்னைக்கு அழுதியே. அந்தப் பயம் போயிடுச்சா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. வழுக்கிக்கொண்டு சுழன்ற அந்தச் சக்கரங்கள் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

"போகல. இதுவரைக்கும் உங்களை நினைச்சுப் பயந்தேன். இனிமே அந்த ஏத்தத்தை நினைச்சுப் பயந்துக்குறேன். நீங்க ஓட்டுங்க."

அவர் கையெழுத்துப் போட்டார்.